கேப்டன் மாசாணமும் லாப மீனும்

“பொடிசெல்லாம் எங்கேங்கண்ணா?”

“எந்தப் பொடிசுங்க, அம்மணி?”

“இந்த அணையில மீனெல்லாம் பொறக்கும்போதே ரெண்டு கிலோவாப் பொறக்குதுங்களா? ரெண்டு மாசமா விரல் நீளத்துல ஒரு மீன்கூட நீங்க கொண்டாந்து குடுக்கலீங்களே?”

“அதையெல்லாம் போயி ஆராய்ச்சிக்குக் குடுப்பாங்களாங்க? கழிச்சுத் தண்ணியில வீசிப்போட்டேனுங்க.”

“வீசிப்போட்டீங்களா?”

“வீசிப்போட்டேனுங்க. சுத்தமா.”

எங்கள் ஊர்ச் சண்டையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். மற்ற இடங்களில் கோபம் ஏற ஏற மரியாதை இறங்கும். மேட்டுப்பாளையத்தில் கோபம் ஏற ஏற ‘ங்க’ கூடும். அன்று காலை அணையின் பின்தண்ணீருக்கு நடுவே, பாதி இழுத்த வலையோடு நின்ற படகில் ஹிபாவும் மாசாணமும் மாற்றி மாற்றிப் போட்ட ‘ங்க’ சத்தத்தில், கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று கேட்டார்கள். நான் கரையில் இல்லை. வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படகிலேயே இருந்தேன். ஒரு சண்டையை இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

வழக்கமாக அந்த மறுமுனையைப் பிடிப்பவள் மாசாணத்தின் மனைவி பழனியாத்தாள். அன்று அவளுக்குக் கரையில் பெரிய வேலை இருந்தது. அவள் மகள் அன்புச்செல்வியைப் பெண் கேட்டுக் கிணத்துக்கடவிலிருந்து ஒறம்பரை, அதாவது எங்கள் ஊர்ப் பேச்சில் விருந்தாளிகள், வருகிறார்கள். சமையல் அவள் பொறுப்பு. “ஒரு நாளைக்கு வலை இழுத்துக் குடு கண்ணு” என்று எதிர்வீட்டுக்காரியான என்னைக் கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் செருப்பை மாட்டியிருந்தேன்.

ஹிபா கோவை உக்கடத்துப் பெண். அத்தர் கடை கரீம் பாயின் இளைய மகள். வீடெல்லாம் மல்லிகையும் சந்தனமும் மணக்க வளர்ந்தவள், ஏனோ மீனை ஆராய்ச்சி செய்யப் படித்தாள். இந்த அணையில் எந்தெந்த மீன், எந்தெந்த அளவில், எத்தனை இருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் அவளுடைய மீன் ஆராய்ச்சி நிலையம் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. அதற்குப் படகு வேண்டும். படகு மாசாணத்திடம் இருந்தது.

மாசாணத்துக்குப் படகு வந்த கதை தனி. அவர் முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மண்டியில் ரகம் பிரித்தவர். மலையிலிருந்து இறங்கும் கிழங்கைக் கையில் எடுத்த மாத்திரத்தில் முதல் ரகம், இரண்டாம் ரகம், பொடி, கழிவு என்று வீசுவார். மூட்டையின் வாயில் முதல் ரகத்தை அடுக்கித் தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மூட்டைக்குள் என்ன இருந்தாலும் வாயைத் திறந்தால் பௌர்ணமிதான். ஒரு நாள் மண்டி முதலாளியின் மகன் ரகம் பிரிக்க மிஷின் வாங்கி வைத்தான். மாசாணம் அந்த மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பழனியாத்தாளின் தம்பி வேளாங்கண்ணிக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுபவன். அவன் நாகப்பட்டினத்தில் பார்த்து வைத்த பழைய ஃபைபர் படகு ஒன்று லாரியில் ஏறி எங்கள் தெருவுக்கு வந்தது. கடலே இல்லாத ஊரில், கேபிள் ஒயரையெல்லாம் மூங்கிலால் தூக்கிவிட்டபடி ஒரு படகு ஊர்வலம் போனதை நாங்கள் பார்த்தோம்.

அது முதல் மாதத்தில் பழனியாத்தாள் வாயில் ‘போட்’டாக இருந்தது. ஆராய்ச்சி வேலை கிடைத்ததும் ‘கப்பல்’ ஆனது. நிலையத்தில் கொடுத்த வெள்ளைத் தொப்பியை மாசாணம் முடி வெட்டும் கடைக்குக்கூடப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு, அவர் ‘கேப்டன்’ ஆனார். தொப்பியைக் கழற்றாமல் எப்படி முடி வெட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் கப்பலும் கேப்டனும் தரகர் வாய்வழியாகக் கிணத்துக்கடவு போய்ச் சேர்ந்தன. அங்கே தென்னந்தோப்பும் காய் வியாபாரமுமாக இருக்கும் ஆறுச்சாமிக்கு ஒரே மகன், கதிரேசன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கொச்சிக்குச் சுற்றுலா போய்க் கப்பலைப் பார்த்தவன். அதிலிருந்து தென்னை மரத்தைப் பார்த்தால்கூடப் பாய்மரமாகத் தெரிகிற பையன். காட்டிய பெண்களையெல்லாம் வேண்டாம் என்றவன், ‘பெண்ணின் அப்பா கப்பல் கேப்டன்’ என்றதும் ஜாதகம் பார்க்கும் முன்பே சரி என்றுவிட்டான். இந்தப் பக்கம் அன்புச்செல்வியும் சரி என்றாள். அவள் காரணம் வேறு. வீட்டுத் தலையணை முதல் அவளுடைய பட்டுச்சேலை வரைக்கும் மீன் வாடை ஏறியிருந்தது. கிணத்துக்கடவில் தேங்காயெண்ணெய் வாசம்தான் அடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போதாதா?

ஆறுச்சாமி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஆராய்ச்சி நடக்கும்போது கப்பலை நேரில் பார்த்துவிட்டுத்தான் கை நனைப்பாராம். சம்மதம் இல்லாத வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆக, அன்று மத்தியானம் பழனியாத்தாள் வைக்கும் மீன் குழம்பில் ஆறுச்சாமியின் விரல் பட வேண்டும். அதுதான் குடும்பத்தின் லட்சியம்.

இப்போது பாருங்கள் மாசாணத்தின் நிலைமையை. அதே நாள் காலையில்தான் ஹிபா அவரைப் பிடித்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். சாயங்காலம் ஹிபா சொல்லும் இடங்களில் வலை போடுவார்கள். காலையில் உக்கடத்திலிருந்து முதல் பஸ் பிடித்து அவள் வந்து சேர்வதற்குள் மாசாணமும் பழனியாத்தாளும் வலையை இழுத்து, மீனைப் பெட்டியில் போட்டுக் கரையில் வைத்திருப்பார்கள். எப்படி வைப்பார்கள்? முப்பது வருஷப் பழக்கம். கட்லா, ரோகு எல்லாம் ஒரே அளவாகப் பொறுக்கி, தலையெல்லாம் ஒரு பக்கம் பார்க்க, பெரியது மேலே. பொடியும் கழிவும் தண்ணீருக்கு. இரண்டு மாதமாக ஹிபா அந்த மீன்களை அளந்து கோவைக்கு அனுப்ப, அங்கே நிலையத்து மேலதிகாரிகள் குழம்பிப்போனார்கள். கிழவர்கள் மட்டுமே குடியிருக்கும் ஊர் மாதிரி, குஞ்சே இல்லாத ஓர் அணை. அதனால்தான் ஹிபா முந்தின நாளே வந்து தங்கி, விடியலில் படகில் ஏறியிருந்தாள். முதல் வலை பாதி வந்ததும் மாசாணத்தின் கை பழக்கதோஷத்தில் பொடியை அள்ளித் தண்ணீரில் வீசியது. அவள் கண் முன்னாலேயே.

“மண்டியில சாம்பிள் கேட்டா மூஞ்சி நல்லா இருக்கறதாப் பாத்துத்தானுங்க குடுப்போம். கழிவைக் குடுத்தா அணைக்குத்தானுங்களே கேவலம்” என்றார் மாசாணம்.

ஹிபா கையிலிருந்த நோட்டை மூடினாள். பிறகு, அந்த இரண்டு மாதக் கணக்கும் குப்பை என்றாள். இன்னும் ஒரு வலை மிச்சம் இருக்கிறது, அதில் விழுந்ததெல்லாம், செத்தது சிறுசு எதுவானாலும், ஒன்று குறையாமல் படகிலேயே எண்ணி எடை போட்டு அளந்தாக வேண்டும் என்றாள். அதிலும் கை வைத்தால் சிறுமுகையில் வேறு படகு இருக்கிறதாம், இன்றைக்கே பேசிவிடுவாளாம். இதையெல்லாம் அவள் மிக மரியாதையாகத்தான் சொன்னாள். மாசாணத்தின் கை தன்னையறியாமல் தொப்பிக்குப் போயிற்று.

“அம்மணி, இன்னைக்கு மட்டும் அப்படிச் சொல்லிப்போடாதீங்க. ஒறம்பரை கப்பல் பாக்க வாராங்க.”

“எந்தக் கப்பலுங்க?” என்று அவள் நாலு பக்கமும் பார்த்தாள். பாவம், அவளுக்குத் தெரியாது.

கரைக்குத் திரும்பும்போது கார் வந்து நின்றிருந்தது. ஆறுச்சாமி வெள்ளை வேட்டி சட்டையில், கையில் இளநீர் நிறைந்த ஒரு பெரிய ஒயர் கூடையோடு இறங்கினார். கதிரேசன் இறங்கினான் என்று சொல்ல முடியாது, குதித்தான். காரை ஓட்டிவந்தவன் ரவிக்குமார், ஆறுச்சாமியின் அக்கா மகன், கிணத்துக்கடவில் எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவன். அவன் கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தான். உடனே துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுபடி உள்ளே உட்கார்ந்துகொண்டான். வேப்பமரத்தடியில் நின்றிருந்த அன்புச்செல்வி அதைக் கவனித்தாள். நானும் அவள் கவனித்ததைக் கவனித்தேன்.

கதிரேசனுக்கும் அவளுக்கும் இரண்டு நிமிஷம் பேச்சு நடந்தது. அவள் கேட்டது ஒரே கேள்வி.

“உங்க ஊர்ல மீன் வாசம் வருங்களா?”

“அதுதானுங்க அங்க கிடைக்காது” என்று பெருமூச்சு விட்டான் மாப்பிள்ளை. அவள் முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் இரண்டு திசையில் ஓடுகிற பஸ்ஸுக்கு ஒரே ஸ்டாப்பில் நிற்கிறார்கள் என்று எனக்கு அப்போதே பட்டது.

ஆறுச்சாமி படகைப் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். படகின் முனையில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின, அதில் அவருக்குத் திருப்தி. “சின்னக் கப்பலுங்களா?” என்றார்.

“பெரிய கப்பலு கடல்ல போறதுங்க. அணைக்குள்ள இதுதானுங்க கப்பல்” என்றாள் பழனியாத்தாள், கரண்டியோடு அடுப்படியிலிருந்து.

கதிரேசனுக்கு அளவெல்லாம் கண்ணில் படவில்லை. அவன் அதற்குள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தான். ஹிபா அதைச் சரிசெய்து மாட்டினாள். ஆறுச்சாமிக்கும் ஒன்று. வேட்டிக்கு மேல் அந்தச் சட்டையை இறுக்கியதும் அவர் வயிறும் சட்டையும் சேர்ந்து, கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் காற்றடைத்த பொம்மை மாதிரி ஆனார். இளநீரை எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, காலிக் கூடையைக் கையோடு எடுத்துக்கொண்டே ஏறினார். காய்க்காரர் கூடையைக் கீழே வைக்க மாட்டார்.

மிச்சமிருந்த ஒரு வலை, கம்ப்யூட்டர் சொன்ன இடத்தில் போட்டது. இதில்தான் மாசாணத்துக்குத் தீராத வருத்தம். மீன் இருக்கும் இடம் அவருக்குத் தெரியுமாம், ஆனால் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஏதோ ஓர் இடத்தைச் சொல்லுமாம், அங்கேதான் வலை போட வேண்டுமாம். மீனுள்ள இடத்தில் மட்டும் போட்டால் அணை முழுக்க மீன் என்று தப்புக்கணக்கு வரும் என்று ஹிபா விளக்கியிருக்கிறாள். விருந்துக்கு வந்தவரை வெறும் இலையில் உட்கார வைப்பது போலிருக்கிறது என்பது இவர் கட்சி. “அந்த எடத்துல ஒரு தவளைகூட இல்லீங்க சம்பந்தி, என்னைத் தப்பா நெனைக்காதீங்க” என்று போகும் வழியெல்லாம் ஆறுச்சாமியிடம் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டே எஞ்சினை ஓட்டினார்.

போய்ச் சேர்ந்தோம். கதிரேசனும் நானும் வலையை இழுத்தோம்.

வலையா அது? ஆடிக்கு நகைக்கடையில் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. அந்த வலையில் ஒரு பகுதி மிகச் சின்னக் கண்ணி. அது முழுக்கப் பொடிக் கெண்டை, விரல் நீளம், சுண்டுவிரல் நீளம், அதற்கும் சிறுசு. கண்ணிக்குக் கண்ணி வெள்ளி. இரண்டு மாதமாகத் தேடிய குஞ்சுகளில் ஒரு பெரிய கூட்டமே மாசாணத்தின் தவளையில்லாத இடத்தில் குடியிருந்திருக்கிறது. ஹிபா சிரித்துவிட்டாள். மாசாணம் வானத்தைப் பார்த்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேலை. படகுக்குள் மீன் வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு மீனைப் பலகையில் படுக்க வைத்து, மூக்கு ஒரு முனையில் முட்ட, வால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தராசில் வைக்க வேண்டும். பெரிய மீனாக இருந்தால் இரண்டு செதில் பிய்த்து உறையில் போட வேண்டும். அந்தச் செதிலைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் மீனின் வயது தெரியுமாம். “ரேஷன் கார்டு மாதிரிங்களா?” என்று கேட்டான் கதிரேசன். அவன் பலகையை மடியில் வைத்துக்கொண்டான், பிறகு யாருக்கும் தரவில்லை. முகத்தில் அப்படி ஒரு சாந்தம். ஹிபா நீளத்தைச் சொல்லச் சொன்னால், மீனின் பெயரையும், ஆணா பெண்ணா என்ற சந்தேகத்தையும் சேர்த்துச் சொன்னான். வெயில் ஏறியது. எல்லாருடைய கழுத்திலும் செதில் ஒட்டியது. என் மூக்குத்தியில்கூட.

பொடிசு ஒரு குவியல் கிடந்தது. அதை மொத்தமாக ஒரு முறை எடை போட்டுக் குறித்துக்கொண்ட ஹிபா, இனி எண்ண வேண்டும், பிறகு அதில் ஒரு பிடி எடுத்து நீளம் அளக்க வேண்டும் என்றாள். எண்ண ஆள் இல்லை. மாசாணத்தின் கையை அவள் நம்பத் தயாராக இல்லை.

“எண்ணிக்கைங்களா? அட, நம்ம தொழிலே அதுதானுங்களே” என்று சட்டைக் கையை மடித்தார் ஆறுச்சாமி.

மனுஷன் எண்ணினார் பாருங்கள். கைக்கு இரண்டாக எடுத்து, தட்டிலிருந்து தட்டுக்கு வீச்சு. முதல் எண்ணை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று மங்களமாக ஆரம்பித்தார். அப்புறம் ராகமாக இரண்டு, மூன்று. கிணத்துக்கடவு பக்கம் தோப்பில் காய் எண்ணும் அதே ராகம். ஹிபா அசந்துபோய்ப் பார்த்தாள். நூறு முடிந்ததும் ஒரு கணம் நிறுத்தினார். மறுகையால் குவியலில் ஒரு பிடி அள்ளி, பின்பக்கமாகக் கூடைக்குள் போட்டார். அடுத்த நூறு. மறுபடி ஒரு பிடி. முகத்தில் திருட்டுக் களை ஏதுமில்லை, கோயிலில் திருநீறு எடுப்பவர் முகம் மாதிரி இருந்தது. ஒறம்பரைக்காரர் செய்வதில் நமக்கு என்ன பேச்சு என்று நான் தண்ணீரைப் பார்த்தேன்.

எண்ணி முடித்ததை ஹிபா மறுபடி தராசில் வைத்தாள். குறைந்தது. தராசைத் தட்டினாள். மறுபடி வைத்தாள். அப்போதும் குறைந்தது. அவள் தலையைத் தூக்கி மாசாணத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சிறுமுகைப் படகு அந்தப் பார்வையிலேயே எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டது.

“நான் இல்லீங்க அம்மணி, காளியாத்தா சாமி சத்தியமா நான் தொடலீங்க” என்ற மாசாணத்தின் கண், சொல்லிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, ஒயர் கூடையில் வந்து நின்றது.

அவர் பார்த்தார். ஆறுச்சாமி பார்த்தார். தூரத்தில் கரையில், பழனியாத்தாளின் அடுப்புப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

“ஏனுங்க சம்பந்தி, அந்தக் கூடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் குடுங்க.”

“எதுக்குங்க?”

“சும்மா பாக்கத்தானுங்க.”

“இளநீர் கொண்டாந்த கூடைங்க இது.”

“இளநீருக்கு வால் இருக்குதுங்களே.”

ஆறுச்சாமி கூடையை மார்போடு சேர்த்துப் பிடித்தார். “இது லாபமுங்க. நூறு காய் எண்ணுனா எண்ணுறவனுக்கு லாபக்காய் எச்சா எடுக்கறது மொறைங்க. எங்கப்பன் எடுத்தாரு, நான் எடுக்கறேன். லாபம் எடுக்காத எண்ணிக்கை வெளங்காதுங்க.”

“அது காய்க்குங்க. இது கணக்கு மீனுங்க.”

“உருளைக்கெழங்கு மூட்டையில மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வெக்கறவங்க எனக்குக் கணக்குச் சொல்றீங்களாங்க? ரெண்டு மாசமாப் பொடிசைத் தண்ணியில வீசுனதும் நீங்கதானுங்களாமே?”

இது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மாசாணம் என்னைப் பார்த்தார். இளநீர் குடிக்கும்போது நாலு வார்த்தை பேசாமல் எப்படி இருப்பது? நான் மூக்குத்திச் செதிலை எடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மாசாணம் எழுந்தார். ஆறுச்சாமியும் எழுந்தார். படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. “உக்காருங்க, ரெண்டு பேரும் உக்காருங்க” என்று ஹிபா சொன்னதை யாரும் கேட்கவில்லை. இவர் கூடையைப் பிடிக்கப் போனார், அவர் விடவில்லை. ஆனால் இரண்டு பேர் மார்பிலும் ஆரஞ்சு மிதவைச் சட்டை. நெருங்க நெருங்க, சட்டையும் சட்டையும் முட்டி இரண்டு பேரும் பின்னால் போனார்கள். மறுபடி வந்தார்கள். மறுபடி முட்டிப் பின்னால் போனார்கள். கைக்கு எட்டாத சண்டை. பலூன் கடையில் காற்றடித்த மாதிரி இருந்தது.

“பொண்ணு கேட்டு வந்தவன் கூடையைச் சோதனை போடற ஊட்டுல நான் கை நனைக்கறதுங்களா?” என்றார் ஆறுச்சாமி.

சொல்லக் கூடாத சொல் அது. படகு ஆட்டம் நின்றது. மாசாணம் கரைப்பக்கம் புகையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“நான் ரெண்டு மாசம் வீசுனவன்தானுங்க. அதைக் காலையில ஒத்துக்கிட்டாச்சுங்க. இப்ப இந்தக் கூடையைப் பாக்காத மாதிரி நான் இருந்துபோட்டா, இந்தத் தொப்பியை எதுக்குங்க போட்டுட்டுத் திரியறது? சம்பந்தம் போனாப் போகட்டுமுங்க. கூடையைக் குடுங்க.”

இதற்கு ஆறுச்சாமி என்ன சொல்லியிருப்பாரோ. அதற்குள் கதிரேசன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, அப்பாவின் பிடியிலிருந்து கூடையை எடுத்தான். தராசுத் தட்டில் கவிழ்த்தான். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான்.

“அப்பா, இதுக்கெல்லாம் இன்னும் நீளம் அளக்கலீங்க.”

எடை சரியாக வந்தது. கூடை மீனையும் எண்ணிச் சேர்த்து ஹிபா எழுதிக்கொண்டாள். மாசாணம் படகைக் கரைப்பக்கம் திருப்பினார்.

கரையில் பழனியாத்தாள் வாழையிலை போட்டுத் தயாராக நின்றாள். மீன் குழம்பு, மீன் வறுவல், கெளுத்தி தனியாக, ரசம், அப்பளம். ஆறுச்சாமி இலையைத் தாண்டி நேராகக் காருக்குப் போனார். விஷயம் புரிந்ததும் பழனியாத்தாள், ‘உங்களுக்குக் கச்சேரி அப்புறம் இருக்கிறது’ என்பது போல் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கார் முன்னால் போய் நின்றாள்.

“போகக் கூடாதுங்க. உங்க பக்கம் கை நனைச்சாச்சுங்க.”

“யாருங்க நனைச்சது?”

அவள் கரண்டியால் காட்டினாள். வேப்பமரத்தடியில் ஓர் இலை. அதன் முன்னால் ரவிக்குமார். மூக்கைச் சுற்றிய துண்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ரசத்தைக் கையால் வழித்துக்கொண்டிருந்தான். நாங்கள் தண்ணீரில் இருந்த நேரத்தில் அவனுக்குப் பசித்திருக்கிறது. மீன் வேண்டாம் என்றிருக்கிறான். அன்புச்செல்வி, ‘எனக்கும் ஆகாதுங்க’ என்று சொல்லி, தன்னுடைய ரசத்தையும் அப்பளத்தையும் அவனுக்குப் போட்டிருக்கிறாள். மூன்றாவது முறை ரசம் ஊற்றும்போதுதான் நாங்கள் கரையேறினோம்.

“அவன் வண்டி ஓட்ட வந்தவனுங்க. மாப்பிள்ளை இல்லீங்க” என்றார் ஆறுச்சாமி.

“நனைச்சது நனைச்சதுதானுங்க” என்றாள் பழனியாத்தாள்.

ரவிக்குமார் அப்பளத்தை நொறுக்காமல் மெதுவாகக் கீழே வைத்தான். ஆறுச்சாமி அவன் காதைப் பிடிக்காத குறையாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த மீன் குழம்பு எங்கள் தெருவுக்கு இரண்டு வேளை வந்தது. கெளுத்தி நன்றாக இருந்தது, ஒரு கல் உப்பு கூடுதல்.

ஹிபா சிறுமுகைப் படகைக் கூப்பிடவில்லை. வீணாய்ப்போன இரண்டு மாதத்தையும் மறுபடி எடுக்க வேண்டும், அதே படகில் எடுத்தால்தான் அன்றைய வலைக் கணக்கோடு ஒப்பிட முடியும் என்று அவள் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். ஆக, தப்பு செய்ததற்கு மாசாணத்துக்கு இரண்டு மாத வேலை கூடுதலாகக் கிடைத்தது. பழனியாத்தாள் அவரிடம் பேசாமல் இருந்ததும் கிட்டத்தட்ட அதே இரண்டு மாதம்தான். பேசாமலேயே வலையின் மறுமுனையைப் பிடித்தாள். மாசாணம் ஒரு பொடியைக்கூட விடவில்லை. ஒரு நாள் வலையில் வந்த பழைய செருப்பையும் அளந்து எழுதச் சொன்னார்.

அடுத்த வாரமே கதிரேசன் பஸ் ஏறி வந்து படகடியில் நின்றான். பெண் கேட்டு வரவில்லை, அளவுப் பலகை கேட்டு வந்தான். இரண்டு மாதமும் கூடவே இருந்தான். பிறகு ஹிபா சொல்லி, கடலில் மீன் கணக்கெடுக்கும் நிஜமான கப்பல் ஒன்றில் உதவியாள் வேலைக்குக் கொச்சிக்குப் போய்விட்டான். ஆறுச்சாமி இதற்கும் மாசாணத்தைத்தான் திட்டினார். ஹிபாவும் கொச்சிக்கே மாறிப்போனாள். இரண்டு பேரும் ஒரே கப்பலா என்று நான் கரீம் பாய் கடைக்கே போய், வேண்டாத ஒரு அத்தரையும் வாங்கி, விசாரித்துப் பார்த்தேன். வேறு வேறு கப்பலாம். ஹிபாவுக்கு ஈரோட்டில் கண் டாக்டர் ஒருவரைப் பேசி முடித்திருக்கிறார்கள். அவளே பார்த்துச் சொன்ன பையன்.

எங்கள் தெருவில் செக்கெண்ணெய் யாரும் வாங்குவதில்லை. ஆனாலும் வாரம் ஒரு முறை கிணத்துக்கடவிலிருந்து ஒரு வேன் எண்ணெய் கொண்டுவந்து மாசாணம் வீட்டு முன்னால் நின்றது. ஓட்டிவந்தவன் மூக்கில் துண்டு கட்டியிருந்தான். ஆவணியில் அன்புச்செல்விக்கும் ரவிக்குமாருக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஆறுச்சாமி. தாய்மாமன் வராமல் சீர் நடக்காது, வந்தார். தாம்பூலப் பைக்கான காயும் அவர் தோப்பிலிருந்துதான் வந்தது. மண்டபத்துப் பின்கட்டில் அவர் லாபம் என்று ஆரம்பித்து எண்ணிப் போட, மாசாணம் எதிரே உட்கார்ந்து பெரிய காயாகப் பொறுக்கி மூட்டை வாயில் அடுக்கினார். ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஆறுச்சாமி முதல் வரிசையில் உட்கார்ந்து கை நனைத்தார்.

அன்புச்செல்வி இப்போது கிணத்துக்கடவில் இருக்கிறாள். தலையணையெல்லாம் எண்ணெய் வாசம் என்று போனில் புலம்புகிறாளாம். கதிரேசன் கல்யாணத்துக்கு வரவில்லை. அவன் கப்பல் அன்று லட்சத்தீவுப் பக்கம் போயிருந்தது.